நாளைக்கு ஒண்ணு, வார்த்தை மூணு

…மூணு வார்த்தை அம்மிணி, மூணு! நாளைக்குன்னு ஒரே ஒரு நாளு. அதச் சொல்றதுக்கு மூணு வார்த்தை வெச்சிருக்கறானுங்க இந்த வெள்ளைக்காரனுங்க. ஷாலுங்கறான், வில்லுங்கறான், கோயிங் டூங்கறான்! ஒரு நாளைக்கு மூணு பேரு வெச்சுக் கூப்படற கூட்டம், உருப்படுமா? அதப் போய்ப் படிக்க வெச்சுத்தான் என்ற மக கலியாணமே நின்னுபோச்சு… ஏம்மிணி, சித்தெ அந்தப் பொட்டிய அக்கட்டால தள்ளு. இந்த நெய்த் தூக்குப்போசி சாஞ்சுதுன்னா சீலையெல்லாம் வீணாப் போயிரும். ஆங்… அப்படி வெய்யி.

நீ எதுவரைக்கும்? சேலமா? நானும் சேலந்தான். டிரெயினிங் ஸ்கூலுக்கு. வாத்திச்சிக்குப் படிக்கறாளுங்கல்ல, அந்த எடம். என்ற மக வசந்தாமணி அங்க போயி உக்காந்திருக்கறா. எதுக்குப் போறேன்னு கேளு. தலைமயிரப் புடிச்சு இழுத்துட்டு வாரதுக்குத்தான் போறேன்! இன்னைக்குப் பொழுதோட, இதே பஸ்ஸுல அவள வெண்ணந்தூரு கொண்டாந்து சேக்கல, என்ற பேரு ராமாத்தா இல்ல. பாத்துக்கோ.

அட, நின்னுபோச்சே! இன்னும் மல்லூருகூடத் தாண்டல, அதுக்குள்ள மூச்சு வாங்குது. சீமையில சண்டை வந்தாலும் வந்துச்சு, பெட்ரோலு இல்லைன்னு பஸ்ஸ அடுப்புக்கரியில ஓட்டறானுங்க. அங்க பாரு, கிளீனரு பின்னால போயி அடுப்புக்குக் காத்தடிக்கறான். பஸ்ஸுக்குச் சோறாக்கறான் பாரு, அது வெந்து நாம போயிச் சேரணும். நடந்திருந்தாக்கூடப் போயிருக்கலாம்.

என்ன கேட்ட? மாப்பிள்ளையா? மாப்பிள்ளைக்கு என்ன கொறை? திருச்செங்கோட்டுப் பக்கம். கெணறு ரெண்டு, ஓட்டு ஊடு, கரும்பு வெச்ச காடு. பேரு சண்முகவேலு. பிஏ படிச்சவன், சேலத்துல கலெக்டரு கச்சேரியில உத்தியோகம். எங்க ஒறம்பரை சொந்தத்துல சென்னிமலைன்னு ஒருத்தரு, அவருதான் பேசிக் கொண்டாந்தாரு. 'பையன் ஆபீசருங்களோட பொழங்கறவன், பொண்ணுக்கு நாலு வார்த்தை இங்கிலீசு தெரிஞ்சாத் தேவலைன்னு நெனைக்கறாங்க'ன்னாரு. எப்படி நெனப்பு பாரு! சோளம் இடிக்கறதுக்கும் மாட்டுக்குத் தண்ணி காட்டறதுக்கும் இங்கிலீசு வேணுமாம்.

செரி, நாலு வார்த்தைதானன்னு வாத்தியாரு வெச்சேன். அங்கமுத்து வாத்தியாரு. இஸ்கோல்ல இருந்து ஓய்வாயி மூக்குப்பொடி போட்டுக்கிட்டு சும்மா திரிஞ்சாரு. வயசுப்புள்ளைய ஒரு ஆம்பளைகிட்டத் தனியா உக்கார வெக்க முடியுமா? அதனால ஊட்டு முன்கட்டு ஆசாரத்துல பாடம் நடக்கும், நான் ஒரு மொறங் கடலைக்காயப் போட்டுக்கிட்டுச் செவுத்தோரமா உரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பாடம் அவளுக்கு, காவலு நானு. அவுரு கத்தற கத்துல எனக்குமில்ல காதுல உழுகுது!

கேளு இந்தக் கூத்த. தன்னால நடக்கறதுக்கு ஷாலாம். 'அடுத்த வருசம் எனக்குப் பதினேழு வயசாகும்.' அதுக்கு ஐ ஷால். ஏனுங்க வாத்தியாரே, வயசு தன்னால ஆகுது, அத இங்கிலீசுல வேற அதுக்கிட்டச் சொல்லோணுமான்னு கேட்டேன். அவுரு பொடியப் போட்டாரு.

அப்பறம் கோயிங் டூ. ஏற்பாடு முடிஞ்சுது, கண்ணுக்குத் தெரியுதுன்னா அதச் சொல்லோணுமாம். 'மேகம் கருத்து நிக்குது, மழை வரப்போகுது. இட் ஈஸ் கோயிங் டூ ரெயின்'ங்கறாரு. எனக்கு வந்துச்சு பாரு சிரிப்பு! எங்கூரு மேகத்தை அவுருக்குத் தெரியாதா? கருக்குனு வந்து நிக்கும், நாம ஓடி ஓடிக் கடலைக்கொடிய அள்ளி வெப்போம், அது பாட்டுக்கு ஏற்காட்டுப் பக்கம் போயிரும். வெள்ளைக்காரன் ஊரு மேகம் சொன்ன பேச்சு கேக்குமாட்ட இருக்குது.

மூணாவது இருக்குதே, அதுதான் அம்மிணி விசம். வில்லு! 'நான் செஞ்சே தீருவேன், ஆரு தடுத்தாலும் உடமாட்டேன்னு மனசுல உறுதி இருந்தா, ஐ வில்'லுங்கறாரு. பொட்டப்புள்ளைக்குப் புடிவாதத்துக்குன்னு தனியா ஒரு வார்த்தை! ஏற்கெனவே அவகிட்ட இல்லாத புடிவாதமா? அத இங்கிலீசுல வேற சொல்லிக் குடுக்கறாரு. அதுக்கு நான் மோரு கரைச்சுக் குடுக்கறேன் வெயில்ல வந்தாருன்னு.

நம்ம பேச்சுல என்ன கொறை கண்டாங்க? வாரேன். அம்புட்டுத்தான். வந்துக்கிட்டிருக்கறவனும் வாரேங்கறான். நாளைக்கு வாரவனும் வாரேங்கறான். போறவனும் வாரேன்னு சொல்லிட்டுத்தான் போறான். வரவே வராதவங்கூட வாரேன்னுதான் சொல்றான்! ஆருக்காச்சும் குழப்பம் வந்துச்சா? மொகத்தைப் பாத்தாத் தெரியாதா வாரானா இல்லையான்னு?

இவ என்னடான்னா எதெடுத்தாலும் அதே நாயம், அதே பேச்சு. 'தண்ணிக்குப் போ புள்ள'ன்னா, 'அம்மா, இது ஷாலா, கோயிங் டூவா?'ங்கறா. 'கொடம் இன்னும் கையில எடுக்கல, அப்ப கோயிங் டூ இல்ல'ங்கறா. அப்பறம் கொடத்தை எடுத்து இடுப்புல வெச்சுக்கிட்டு, 'இப்பக் கோயிங் டூ'ன்னு சிரிச்சுக்கிட்டே போறா. அவங்கப்பன் கட்டல்ல படுத்துக்கிட்டுச் சிரிக்கறாரு. எங்கூட்டு மாமனுக்கு மகளு எது பேசினாலும் தேனு. நான் பேசினாத்தான் காது கேக்காது.

கெளம்பிருச்சு… அப்பாடி. ஏனுங்க கண்டக்டரு, கொண்டலாம்பட்டி மேட்டுல எறங்கித் தள்ளச் சொல்லுவீங்களா? இப்பவே சொல்லிப்போடுங்க, நான் எறங்க மாட்டேன்.

எங்க உட்டேன்? ஆங், பொண்ணு பாக்க வந்தாங்க. ரெட்டைமாட்டு வண்டி கட்டிக்கிட்டு ஜம்முனு வந்து எறங்கினாங்க. பணியாரஞ் சுட்டு வெச்சேன். கச்சாயம் சுட்டு வெச்சேன். பூவரசு எலையில வட்டம் வட்டமா அடுக்கி வெச்சேன். வசந்தாமணி அரக்குச் சீலை கட்டி வந்து நின்னா. அந்தப் பையன் தொண்டையச் செருமிக்கிட்டு இங்கிலீசுல என்னமோ கேட்டான். நான் கதவுக்குப் பின்னாலிருந்து, 'சொல்லு கண்ணு, சொல்லு'ன்னு கையக் காட்டறேன். மத்த பொண்ணுங்கன்னா காலு வெரலால தரையக் கீறிக்கிட்டு நிக்கும். இவ நிமுந்தா. அவன் மொகத்தப் பாத்தா. பேசினா பாரு!

அட சாமி! ஷாலு வந்துச்சு, வில்லு வந்துச்சு, கோயிங் டூ வந்துச்சு. மூணும் வந்துச்சு! எனக்குப் பெத்த வயிறு குளுந்துபோச்சு. மூணையும் எடுத்து எடுத்துப் போடறாளே, அந்த வாத்தியாருக்கு ஒரு மூட்டை கடலைக்காயே குடுக்கலாம்னு நெனைச்சேன். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு ஒண்ணும் புரியல, வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கறாங்க. அந்தப் பையனுக்கு மட்டுந்தான் புரிஞ்சுது. அவன் எந்திரிச்சு அவங்கப்பன் காதுல ஒரு வார்த்தை சொன்னான். அல்லாரும் எந்திரிச்சுட்டாங்க.

பணியாரத்தைத் தொடல. மோருகூட வேண்டாம்னுட்டாங்க.

நீயே சொல்லம்மிணி. நம்ம பக்கத்துல பேச்சு முடியாம பொண்ணு ஊட்டுல கை நனைப்பாங்களா? மாட்டாங்கல்ல? அதத்தான் நானும் நெனைச்சேன். ஆகா, எப்பேர்ப்பட்ட குடும்பம், மொறை தெரிஞ்சவங்க, தண்ணிகூடக் குடிக்காம போறாங்க பாருன்னு சொல்லிக்கிட்டு நிக்கறேன் வாசல்ல. வண்டி தெருவு தாண்டறதுக்குள்ள நாட்டுச் சக்கரையும் வெத்தலையும் எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். ஒரு ஊடு பாக்கியில்ல. எங்கூட்டுக்கு ஆகாத பாவாயி ஊட்டுக்குங்கூடப் போயி, 'கலியாணம் முடிவாயிருச்சு, மாப்பிள்ளை பிஏ'ன்னு அவ கையப் புடிச்சுச் சக்கரைய வெச்சுட்டு வந்தேன். பணியாரத்தையும் நாங்களே தின்னோம். மூணு நாளுத் தின்னோம்.

அப்பறம் முகூர்த்தம் கேக்கலாம்னு சென்னிமலைய அனுப்பினா, அவுரு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வாராரு. 'என்னம்மா, வெளையாடறீங்களா? உங்க பொண்ணுதான் அத்தனை பேரு முன்னாலயும் சொல்லிப்போட்டாளாமே. எனக்கு இப்பக் கலியாணம் வேண்டாம், நான் சேலத்துக்குப் போயி டிரெயினிங்கு படிக்கப்போறேன், டீச்சராகியே தீருவேன்'னு! நான் சக்கரை குடுத்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கறேன், அவ கலியாணத்துக்குக் கொள்ளி வெச்சதுக்கு! அந்தப் பாவாயி இப்ப என்னைய எதுக்கப் பாத்தாப் போதும், 'ராமாத்தா, இன்னைக்குச் சக்கரை இல்லியா?'ங்கறா.

சிரிக்காதம்மிணி. சிரிக்கறதுக்கா சொல்றேன்?

ஊட்டுல அன்னைக்கு ஆடினேன் பாரு ஒரு ஆட்டம். அப்பறம் எங்கக்கா ஊட்டுச் சீருக்கு ஜலகண்டாபுரம் போயிட்டு வாரேன், ஊடு வெறிச்சுன்னு கெடக்குது. அப்பனும் மகளும் வெள்ளெனெ வண்டியக் கட்டிக்கிட்டுச் சேலம் போயிட்டாங்க. அவுரு மட்டும் திரும்பி வந்து மாட்ட அவுத்துக் கட்டறாரு. 'எங்க என்ற மக?'ன்னேன். 'எட்டாவது பாஸ் பண்ணின புள்ள, படிக்கட்டும் உடு'ன்னாரு. 'எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?'ன்னேன். அதுக்கு அவுரு சொன்னாரு பாரு ஒண்ணு… உடு. அதெல்லாம் எதுக்கு இப்ப.

என்ன பாக்கறே? கூடையிலயா? கடலை உருண்டை. இது அரப்புத்தூளு, அங்க சோப்புப் போட்டுத் தலை குளிக்கச் சொல்றாங்களாம், மயிரு கொட்டிப்போகும். இது ஒரு புதுச் சீலை. ஏன், இழுத்துட்டு வாரவளுக்கு எதுக்கு இத்தனைங்கறயா? போற எடத்துக்கு வெறுங்கையோட போவாங்களா? நெய்யி எச்சா இருந்தா இருந்துட்டுப் போகுது. ஆஸ்டல்ல ரேசன் அரிசியாம், கல்லுங் குருணையுமா. எப்படித் தின்பா அவ?

நீயும் படிச்ச புள்ளையாட்டத் தெரியற. புஸ்தகம் வெச்சிருக்கற. அந்த மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க மேலயும் தப்பில்லம்மிணி. அவங்க 'தெரிஞ்சாத் தேவலை'ன்னுகூடச் சொல்லல. உள்ளதச் சொல்றேன், அவங்க இங்கிலீசுப் பேச்சே எடுக்கல. இன்னும் ரெண்டு எடத்துல பொண்ணு பாக்கறாங்கன்னு சென்னிமலை சொன்னாரு. எனக்குப் பொறுக்கல. 'என்ற மக இங்கிலீசு பேசுவா, தண்ணியாட்டப் பேசுவா'ன்னு நாந்தான் சொல்லியனுப்பினேன். சொல்லிட்டு அப்பறந்தான் வாத்தியாரத் தேடினேன்.

ஆமா. நாந்தான். இப்ப என்ன?

என்னைய அந்தப் பையன் ஒண்ணுமே கேக்கலியான்னா… கேட்டான். கேட்டான் அம்மிணி. அவ பேசி முடிச்சதும் கதவுப் பக்கம் திரும்பி, மரியாதையா, எங்கிட்ட என்னமோ இங்கிலீசுல கேட்டான். பதிலு சொல்ல எனக்குத் தெரிஞ்சது ஒரே வார்த்தை. வாத்தியாரு பாடத்துக்குப் பாடம் சொல்லுவாரு. மாப்பிள்ளை கேக்கறாரேன்னு தலைய நல்லா ஆட்டி, கையெடுத்துக் கும்புட்டு, 'எஸ்ஸு, எஸ்ஸு'ன்னேன். அவன் என்ன கேட்டானாமா தெரியுமா? 'இவங்க படிக்கப் போறதுல உங்களுக்கும் சம்மதமா?'ன்னானாம்!

அதத்தான் எங்கூட்டு மாமன், மக சொல்லிக் கேட்டு, அன்னைக்கு மாட்டுக் கவுத்தக் கையில வெச்சுக்கிட்டுச் சொன்னாரு. 'உங்கிட்டக் கேக்காம எங்க போனா? அத்தனை பேரு முன்னாலயும் நீதான எஸ்ஸுன்னு சொன்ன'ன்னு.

எம்மேல எனக்கே அப்படியொரு கோவம். இப்பவும் இருக்குது. ஆனா ஒண்ணு. கடலைக்காய் உரிக்க உக்காந்தா ஆசாரத்துல சத்தமே இல்ல. கை உரிக்குது, காது அவ கொரலுக்குக் காத்துக்கிட்டிருக்குது. அழுகையா வருது, ஆருகிட்டச் சொல்றது? அன்னைக்கு அவ நிமுந்து பேசினா பாரு, அந்த மொகந்தான் கண்ணுக்குள்ளயே நிக்குது. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்றதுக்கு எங்கிட்ட வார்த்தை இல்ல. நாளைக்கு நான் இன்னது செய்வேன்னு சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லம்மிணி எனக்கு. அவளுக்குப் பாரு, மூணு!

செவ்வாய்ப்பேட்டை வந்துருச்சா? நீ இங்கியா எறங்கறே? இரு இரு, பொட்டிய நான் புடிக்கறேன். போறதுக்கு மின்ன ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ சாமி. அங்க ஆஸ்டலப் பாத்துக்கற வெள்ளைக்காரத் தொரசாணி ஒருத்தி இருக்கறாளாம், தமிழு வராதாம். 'மாசாமாசம் நெய்யி கொண்டாருவேன், புள்ளைக்குச் சனிக்கெழமை சனிக்கெழமை தலைக்கு எண்ணெய் வெச்சு உடுங்க'ன்னு இங்கிலீசுல எப்படிச் சொல்றது? ஷாலா, வில்லா, மத்ததா? எதோ ஒண்ணு… அட, எறங்கிட்டயா? செரி, போ. போயிட்டு வா.

வேண்டாம், நானே பாத்துக்கறேன். அந்தத் தொரசாணி எது கேக்கட்டும், இந்த வாட்டி தெரிஞ்சே சொல்லிப்போடறேன். எஸ்ஸு.