பாக்கெட்டிலிருந்து வந்த வெளிச்சம்

கும்மிடிப்பூண்டியில் கிளம்பிய லோக்கல் ரயில். பொழுது சாய்ந்தும் பெட்டியில் விளக்கு போடவில்லை. என் எதிரே கழுத்தில் கம்பெனி அட்டையோடு இரண்டு பெண்கள். சின்னவள் திடீரென்று சொன்னாள்:

"அந்த வெளிச்சம் ஸ்கிரீன்லேர்ந்து வரலக்கா. என் பாக்கெட்லேர்ந்து வந்துச்சு."

"இன்னாடி சொல்ற?"

"இருட்டு ரூம்ல ஸ்கிரீன முழுக்கக் கறுப்பா ஓடவிட்டு செக் பண்ணிக்கினு இருந்தேனா, மூலையில லேசா வெளிச்சம் தெரிஞ்சுது. லைட்டு லீக்குன்னு ரிஜெக்ட் போட்டேன். அடுத்ததும் அப்டியே. புது டிசைன் அத்தனையும் ரிஜெக்ட்டு."

"போன உள்ள எடுத்துக்கினு போனியா? விடமாட்டாங்களே!"

"கொழந்தைக்கு ஜொரம்க்கா. ஊட்டுக்காரரு மெசேஜ் அனுப்பிக்கினே இருந்தாரு. யூனிஃபார்ம் கோட்டு பாக்கெட் துணி வழியா போன் வெளிச்சம் போயி ஸ்கிரீன்ல பட்டுருக்கு. கடசியிலதான் புரிஞ்சுது. போன் அணைஞ்சுது, லீக்கும் அணைஞ்சுது."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"அதுக்குள்ள டிசைன் சாரு அத மாத்த உக்காந்துட்டாரு. லீக்க அடைக்க, ஸ்கிரீன்ல புள்ளிக்குப் புள்ளி நடுவுல இருக்குற கறுப்புப் பட்டைய இன்னும் தடியாக்கப் போறாராம். படம் மங்கிடும்க்கா. நல்ல ஸ்கிரீன்க்கா அது."

"நாளைக்குப் போனதும் சொல்லிடு."

"சொன்னா வேல போயிடும்."

சின்னவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பொன்னேரி தாண்டியதும் அவள் போன் அடித்தது. 'டிசைன் சார்' என்று திரையில் தெரிந்தது. எடுக்கவில்லை. சத்தத்தை நிறுத்தி, மடியில் வைத்துத் துப்பட்டாவால் மூடினாள்.

இருட்டிப்போன பெட்டியில், துணிக்குள் எரிந்த அந்த வெளிச்சத்தையே நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.