நோகாமல் பிடுங்கிய நான்கு பற்கள்

காற்றின் போக்கையும் கடலின் கோபத்தையும் கணித்துச் சொல்லும் மீனவர் மன்றத் தலைவர் ஐயா முத்துநாயகம் அவர்களே, கட்டுமரக் காலம் கண்ட மூத்தோர்களே, மீன் விற்ற கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பொன்னாடையோடு என் அருகில் நிற்கும் மன்றச் செயலாளர் ஜான்ரோஸ் அவர்களே, கடியப்பட்டணத்துக்கு என் வணக்கம்.

ஜான்ரோஸ், பொன்னாடையை இப்போது போர்த்த வேண்டாம். கையிலேயே வைத்திருங்கள்.

அழைப்பிதழில் என்னை என்னவென்று எழுதியிருக்கிறீர்கள்? 'நோகாமல் பல் பிடுங்கும் கைராசி மருத்துவர் கிருஷ்ணமணி.' நேற்றாக இருந்தால் அதைப் படித்து நெஞ்சு நிமிர்ந்திருப்பேன். இன்று காலை முதல் அதைப் படிக்கவே கூசுகிறது.

ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதம். நடுக்கடலில் பல் வலித்தால் யாரிடம் போவது? அதனால் படகேறும் முன்னால் என்னிடம் வருவீர்கள். "பிடுங்கி விடுங்க டாக்டரே, நாளைக்கி கடலுக்கு போவணும்" என்பீர்கள். நானும் பிடுங்குவேன். சிரிக்கிறீர்களா அம்மா? உங்கள் வீட்டுக்காரர் பல்லும் என்னிடம்தான் போயிருக்கும்.

ஜான்ரோஸ் அப்படி நான்கு முறை வந்தார். நான்கு பயணம், நான்கு கடைவாய்ப் பல், எல்லாம் இடப்பக்கம். இன்று காலை ஐந்தாம் முறை வந்தார், வலப்பக்க வலியோடு. குறடை எடுத்தேன். என்னிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் குளச்சல்காரப் பெண் மருத்துவர் ஷஹ்லா தடுத்தார். "சார், பிடுங்கதுக்கு முன்னால கடி விசைய ஒண்ணு அளந்து பாப்போமே" என்றார். மெல்லிய தகடு ஒன்று. அதைக் கடித்தால் எவ்வளவு அழுத்தம் என்று திரையில் எண் தெரியும்.

இடப்பக்கம் கடித்தார். பத்து கிலோ. வலப்பக்கம் கடித்தார். எண்பது கிலோ.

எண்பது கிலோ, தாய்மார்களே. அந்தப் பக்கத்துப் பற்களின் மேல் ஓர் ஆள் ஏறி நிற்கும் எடை. எப்போதும் இப்படித்தான் கடிப்பீர்களா என்று கேட்டேன். "அலையில படகப் பிடிச்சி ஓட்டும்போ பல்லக் கடிச்சிட்டுதான் நிப்பேன் டாக்டரே. பன்னெண்டு வருசமா அப்படித்தான்" என்றார்.

பழைய எக்ஸ்ரே படங்களைத் தேடி எடுத்தேன். சொத்தை இருந்ததா? இல்லை. சீழ் இருந்ததா? இல்லை. அதிகச் சுமையின் தடம்தான் இருந்தது. நான்கு பேர் தூக்கும் கட்டுமரத்தில் ஒருவனுக்குத் தோள் வலித்தால் அவனைத் துரத்திவிட்டு மூவரைத் தூக்கச் சொல்வோமா? நான் சொன்னேன். அடுத்தவனுக்கு வலித்தது, அவனையும் துரத்தினேன். ஒரு பல்லை நோகாமல் பிடுங்கி, அடுத்த பல்லை நோக வைத்தவன் நான்.

ஜான்ரோஸ் கேட்பது உங்களுக்குக் கேட்டிருக்காது. "அப்போ அந்த நாலும் நல்ல பல்லா டாக்டரே?" என்கிறார்.

ஆம் ஜான்ரோஸ். காப்பாற்றியிருக்கக் கூடிய பல். மருந்து தருகிறேன், மாலையில் பேசுவோம் என்று காலையில் உங்களை அனுப்பினேனே, இதைச் சொல்ல நா எழாமல்தான் அனுப்பினேன். ஊர் முன்னால் என்னைப் புகழ வந்தீர்கள். ஊர் முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஐந்தாவது பல்லைப் பிடுங்க மாட்டேன். கடியைச் சமன்செய்து, பல்லுக்கு ஓர் உறை செய்து தருவேன். அதற்கு நான்கு நாள் வேண்டும். நாளைக் காலை ஜான்ரோஸ் ஓட்டிப் போகவேண்டிய படகு தலைவருடையது. ஐயா, இந்த மனிதரை நான்கு நாள் எனக்கு விட்டுத் தருவீர்களா?

தலையசைக்கிறார். "படகு கெடக்கும், பல்ல பாருங்க" என்கிறார். நன்றி ஐயா.

பொன்னாடையை மடித்து வையுங்கள், ஜான்ரோஸ். அந்தப் பல்லோடு நீங்கள் கடலுக்குப் போய், அந்தப் பல்லோடு கரை திரும்பினால் அன்று போர்த்துங்கள். பொறுமையாகக் கேட்ட ஊருக்கு நன்றி. போன நான்கு பற்களுக்கு என் தலைகுனிவு. இங்கே மிச்சமிருக்கும் பற்கள் அனைத்துக்கும் என் வணக்கம்.