கியாக்தான் பஸ்ஸில் ஒரு துணிப்பை

கியாக்தான் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஓர் அம்மாள் மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் ஏதோ நெளிந்தது. பக்கத்தில் இருந்த நாற்பது வயதுக்காரரிடம், "அணிலு தம்பி. புண்ணியத்துக்கு விடப் போறேன்" என்றார். இங்கே பர்மாவில் வேண்டுதலுக்கு மீனும் குருவியும் வாங்கித் திறந்து விடுவார்கள். அணிலை விட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ஆள் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அணில் இல்லக்கா. லான்மடாவ் தெருவுல இதுங்கள விக்கிற கடையிலதான் வேல பாக்குறேன். இது சுகர் கிளைடர், கங்காரு சாதி. வயித்துப் பையில குட்டிய வளக்கும்."

"மரத்துக்கு மரம் தாவுமாமே?"

"தாவும். ஆனா இதோட காடு பப்புவா, ஆஸ்திரேலியா பக்கம். முன்ன ஒரே இனம்னாங்க, இப்ப மூணா பிரிச்சிட்டாங்க. அதுல ஒண்ணுகூட நம்ம பர்மாவுல கெடையாது. கூட்டமா ஒரே பொந்துல படுக்கிற உயிரு. தனியா விட்டா செத்துப்போகும்."

அம்மாள் பையின் வாயைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மகன் வளத்தது. மலேசியாவுக்குப் போயிட்டான். அவன் நல்லா இருக்கணும்னுதான் விட வந்தேன்."

"அங்க அவனுக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

கியாக்தானில் எல்லோரும் இறங்கினோம். அந்த அம்மாள் மட்டும் எழுந்திருக்காமல், இந்த பஸ் எப்போது திரும்பும் என்று டிரைவரிடம் பர்மிய மொழியில் கேட்டார்.