பாறையிலிருந்து தெரிந்த மாடி

சாயங்காலம் ஐந்தரை மணி. அண்ணாமலை மேலே ஏறும் கல்பாதை. முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை…

எழுபத்தெட்டாம் வருஷம், மாசி மாதம். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. கையை வேண்டுமானால் பிடித்துக்கொள்ளுங்கள்.

என் தோழி பிராமியின் அண்ணி பத்மினிக்கு நடந்தது இது. சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். மூன்று வயது மகள் ஜினமதிக்கோ, அம்மா ஊட்டினால்தான் தொண்டையில் இறங்கும். அன்றைக்குப் புருஷன் ஆதிராஜ், மலைமேலிருந்து ஊரைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டான். குழந்தையை மாமியாரிடம் விட்டாள்.

“பொழுது எறங்கறதுக்குள்ள வந்து ஊட்டிடறேன் அத்தை.”

ஊர் முழுக்கத் தெரியும் ஒரு பாறைக்கு வந்துவிட்டார்கள். காய்ந்த எலுமிச்சம்புல் வாசனை. கீழே கோபுரங்கள், குளம், தெருக்கள்… அள்ளி மடியில் கட்டிக்கொள்ளலாம் போல.

“நம்ம வீடு எது, சொல்லு பாப்போம்?”

“தோ… என் சிவப்புப் பொடவ காயுது பாருங்க, அந்த மாடி. ஊர்லயே அழகு அதான்.”

“வாடகை வூட்டுக்கே இவ்ளோ பெருமையா?”

சிரித்தாள். பாதியில் நின்றுவிட்டது.

மாடியில் ஒரு மஞ்சள் கவுன். ஜினமதி. எதிரே ஒரு பெண் குந்தியிருந்தாள். கிளிப்பச்சைப் புடவை. பத்மினி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள்… அதே கிளிப்பச்சை.

அந்தப் பெண்ணின் கை, கிண்ணத்துக்கும் குழந்தையின் வாய்க்கும் போய்ப் போய் வந்தது.

“ஜினமதீ…!”

பாறைதான் திருப்பிக் கத்தியது. குழந்தை திரும்பவில்லை. அந்தப் பெண் மட்டும் நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மறுபடியும் ஊட்டினாள்.

விழுந்து எழுந்து இறங்கினார்கள். முட்டியில் ரத்தம். வீடு சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

மாமியார் திருதிருவென்று விழித்தாள். “இன்னாம்மா இது? வெளிச்சம் இருக்கும்போதே வந்து ஊட்டிட்டுத்தான போன?”

பத்மினி குழந்தையை வாரி எடுத்தாள். உதட்டோரம் ஒரு பருக்கை. வாயில் எலுமிச்சம்புல் வாசனை.

மறுநாள் காலையில் சோறு பிசைந்து நீட்டினாள். ஜினமதி வாயை இறுக்கிக்கொண்டாள். “அம்மா ஊட்டியாச்சி.”

“நான்தாண்டி அம்மா…”

அதற்கு மறுநாளும் அதே பேச்சு. டாக்டர் பார்த்தார், மந்திரிப்பவர் பார்த்தார். பத்மினி தானும் சாப்பிடாமல் கிடந்தாள். ஆனால் ஒன்று கண்ணுகளா… குழந்தை இளைக்கவே இல்லை. கன்னம் உப்பிக்கொண்டே வந்தது.

ஒரு சாயங்காலம் வாசல் கதவு, மாடிக் கதவு எல்லாம் தாழ் போட்டு, குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் சுவரிலிருந்து மெல்ல இறங்கியது. புல் வாசனை வந்தது.

மடியில் இருந்தபடியே ஜினமதி ‘ஆ’ என்று வாய் திறந்தாள். மென்றாள். விழுங்கினாள். தொண்டைக்குள் சோறு இறங்குவது பத்மினியின் கைக்குத் தெரிந்தது.

அப்புறம்… பத்மினியின் தோளுக்குப் பின்னால் பார்த்துக் குழந்தை சொன்னது.

“அம்மா, இன்னும் ஒரு வாய்.”