லான் அம்மையாருக்குக் கிடைத்தது

தலைமை தாங்கும் திரு. ஸ்ரீஸ்கந்தராசா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் அருட்சகோதரி றோஸ்மேரி அவர்களே, தாயை இழந்து முன்வரிசையில் இருக்கும் மகன் குவான் அவர்களே, ரொறன்ரோ வோபர்ன் முதியோர் மதிய உணவு மன்றத்தின் உறவுகளே, இராஜேஸ்வரியின் வணக்கம். நான் பேசுவதைத் தனுஷிகா குவானுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவேன்.

எனக்கு முன் பேசியவர்கள் லான் அம்மையாரைத் தாய் என்றார்கள், தெய்வம் என்றார்கள். அவரோடு நெடுங்காலம் ஒரே அடுப்படியில் நின்றவள் நான். எனக்கு அவர்மீது இருந்தது பெரும்பாலும் பொறாமை. அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

நான் வைத்த குழம்பில் உப்புக் குறை சொன்ன அண்ணைமார், அந்த வியட்நாம்காரி வைத்த சூப்பை ஒரு குறையும் சொல்லாமல் குடித்தீர்கள். ஈழத்தில் எந்த இயக்கத்தை ஆதரித்தவருக்கு எந்த மேசை என்று இங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்ததே, அதை உடைத்தவர் யார்? நானா? நான் சொன்னால் கேட்டிருப்பீர்களா? “அண்ணை, எனக்கு உங்கட சண்டை தெரியாது. சூப் ஆறுது, இதில இருங்கோ” என்று எங்களிடம் கற்ற தமிழில் அவர் சொன்னார். இருந்தீர்கள். அன்றும் பொறாமைப்பட்டேன்.

ஆனால் அது சின்னப் பொறாமை. பெரியது வேறு.

வியட்நாம் போரில் அவருடைய கணவர் வின் தெற்கு இராணுவத்தில் லெப்டினன்ட். லானுடைய சொந்த அண்ணன் ஹோவா வடக்கின் படையில். 1975இல் வடக்கு வென்றது. வின்னை மலைப்பகுதி முகாம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்துவிட்டார் என்ற சொல் மட்டும் வந்தது, உடல் வரவில்லை. சின்னஞ்சிறு குவானைத் தூக்கிக்கொண்டு லான் படகேறினார். ரொறன்ரோ வந்தபின் முப்பது வருடங்களுக்கு மேல் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் ஊர்ப் போர் ஓய்ந்து மூன்று வருடம் இருக்கும். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. கேட்டார், வைத்தார்.

“அண்ணை எடுத்தவர். வின்ர எலும்பு கிடைச்சிட்டுதாம். வா எண்டு கேக்கிறார்.”

“போறியோ?”

“தனியப் போகப் பயமாக் கிடக்கு. நீயும் வாறியோ?”

போனேன்.

டனாங் நகரத் தெருக்கள் முழுக்க மோட்டார் சைக்கிள்கள். எங்கள் விடுதியில் ஒரு வயதான அமெரிக்கர், அந்தப் போரில் சண்டையிட்டவர், நூடில்ஸ் சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பரிமாறிய பெண், மிளகாய் இன்னும் வேண்டுமா என்று அவரிடம் சிரித்தபடி கேட்டாள். இப்படியும் ஒரு போர் முடியுமா?

ஹோவா ஒற்றைக் காலோடு எங்களை வரவேற்றார். மற்றக் காலைப் போரிலே விட்டவர். அந்த ஒற்றைக் காலோடுதான் பல வருடங்கள் மலையேறி, தான் எதிர்த்துப் போரிட்ட படையின் லெப்டினன்டைத் தேடியிருக்கிறார். முகாமில் காவல் நின்ற ஒரு கிழவர் கடைசியில் இடத்தைக் காட்டியிருக்கிறார். எலும்புகளை மண்சாடியில் வைத்து, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். தங்கள் குடும்ப நிலத்தில் தன் கையாலேயே குழிக்குள் இறக்கினார். அவருடைய வீட்டில் ஊதுபத்தி கொளுத்தும் மாடத்தில், போரில் இறந்த அவருடைய தம்பியின் படம், வடக்கின் சீருடையில். அதற்குப் பக்கத்தில் தெற்கின் சீருடையில் வின். ஒரே புகை இரண்டு முகத்திலும் பட்டது. ஹோவாவின் பேத்தி வின்னின் படத்தைக் காட்டி ஆங்கிலத்தில், “அந்தத் தாத்தா எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். சொன்னோம். “ஓ” என்றுவிட்டு, ரொறன்ரோவில் படிக்க இடம் கிடைக்குமா என்று என்னிடம் விசாரித்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது, உறவுகளே.

என் தம்பி நவரட்ணத்தை 1986இல் வீட்டுப் படலையில் வந்து கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் வேற்று மொழிக்காரர் அல்லர், எங்கள் இயக்கங்களில் ஒன்றின் பொடியள். “அக்கா, விசாரிச்சுப்போட்டு விடுவம்” என்று தமிழில்தான் சொன்னார்கள். அம்மா சாகும்வரை படலையைப் பூட்ட விடவில்லை. எங்களுக்கு ஒரு ஹோவா எங்கே? எங்களுக்கு ஒரு மண்சாடி எங்கே?

அன்று மாலை தேநீர்க் கடையில் லான் என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன உனக்கு?”

“எனக்கு உன்னில பொறாமையாக் கிடக்கு.”

அவர் கோபிக்கவில்லை. “பொறாமைப்படு. ஆனா எல்லாத்துக்கும் படாதை. அண்ணையில எனக்கு இன்னும் கோபம். அவற்ற ஆக்கள்தானே வின்னைக் கொண்டுபோனவை. அந்தப் பிள்ளை ‘ஓ’ எண்டிட்டுப் போனது, அதுவும் எனக்கு நோகுது. அவையள் சமாதானமாகேல்லை, மறந்துபோச்சினம். எலும்பு கிடைச்சதுக்கு மட்டும் பொறாமைப்படு.”

அன்றிலிருந்து அதற்கு மட்டும்தான் பொறாமைப்படுகிறேன். அது குறையவேயில்லை. போன கிழமை குவான் வந்து, அம்மாவின் சாம்பலை அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கக் கொண்டுபோகிறேன் என்றார். அழுதேன். அழுதது லானுக்காக மட்டும் அல்ல.

மகன் குவான் அவர்களே, உங்கள் தாயார் நடத்திய புதன்கிழமைச் சாப்பாடு நிற்காது. சூப் அவருடைய கைப்பக்குவத்தில் இராது. நான்தான் வைப்பேன், பொறுத்துக்கொள்வார்கள். மேசைகள் மறுபடி பிரியாது. அதற்கு இந்தச் சபை முன்னிலையில் வாக்குத் தருகிறேன்.

உறவுகளே, இன்னும் ஒன்று. அந்தக் காலத்தில் எல்லா இயக்கத்திலும் இருந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். என் கையால் சாப்பாடு வாங்கிச் சாப்பிடுகிறீர்கள். தொடர்ந்தும் தருவேன். நவரட்ணத்தைப் பற்றி உங்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். எந்தத் தோட்டம், எந்தக் கிணற்றடி, எந்தப் பனங்கூடல் என்று தெரிந்திருக்கலாம். யார் செய்தது என்று நான் கேட்கமாட்டேன். சத்தியமாகக் கேட்கமாட்டேன். எங்கே என்று மட்டும் சொல்லுங்கள்.