கிளாஸுலயே குடிங்க

இல்லீங்க, பேப்பர் கப்பு இந்தக் கடைல கெடையாதுங்க. கிளாஸுலயே குடிங்க. கார்ல உக்காந்துதான் குடிப்பீங்கன்னா கொண்டுபோங்க, குடிச்சுப்போட்டு கிளாஸக் குடுத்துட்டுப் போங்க.

என்னது, கிரீன் டீயா? இருக்குதுங்க. ஓமலூரு ரோட்டோரத்துக் கடைலயான்னு சிரிக்கறீங்க பாருங்க. மேல் தட்டுல நாலு டப்பா தெரியுதுல்ல, நாலும் வேற வேற டீ. ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. எம்பொண்ணு சரிதா கொண்டாந்து வெச்சது, மூணு வருசமாச்சு. வாசம் போயிருக்கும். கேட்டுட்டீங்க, போடறேன்.

நாலும் ஒரே செடி எலைதானுங்க. இது தெரியாமயே இருவத்தாறு வருசம் டீ ஆத்துனவன் நானு. மொட்டாப் பறிச்சு சும்மா வாடவுட்டுக் காயவெச்சா வெள்ளை டீ. பறிச்ச கையோட சூடு காட்டிட்டா எலை பச்சையாவே நின்னுக்கும், அது உங்க கிரீன் டீ. கசக்கிக் காத்துல கெடக்கவுட்டா செவக்கும், வெட்டிவெச்ச வாழக்காயி கறுக்குதுல்ல, அப்புடி. பாதி செவந்ததும் நிறுத்திட்டா ஊலாங்குன்னு ஒண்ணு. முழுசாச் செவக்கவுட்டா கருப்பு டீ. நம்ம டீத்தூளு அதுதான், பாலையும் சக்கரையும் கொட்டிக் கொதிக்க வெக்கறமே.

ஆமாங்க, செடி ஒண்ணுதான். பறிச்ச பொறவு மனுசங்கை பண்றதுதான் வித்தியாசமெல்லாம். நாஞ்சொல்லலீங்க, எம்பொண்ணு சொன்னது. குன்னூருல டீய வாயில ஊத்தித் துப்பித் துப்பி ருசி பாக்கற வேல அதுக்கு. இதே பெஞ்சுல டப்பாவத் தொறந்து வெச்சு எனக்குச் சொல்லுச்சு. சொல்லிப்போட்டு ஒரு கேள்வி கேட்டுச்சு. எல்லாருக்கும் ஒரே டீதான ஊத்தறே, பாத்தரம் மட்டும் எதுக்குப்பா ரெண்டுன்னு.

என்னங்க, தெரியாத மாதிரி கேக்கறீங்க? காலனி ஆளுங்களுக்குப் பேப்பர் கப்பு, மத்தவங்களுக்குக் கிளாஸு. போர்டெல்லாம் இல்லீங்க. மூஞ்சியப் பாத்ததும் கை தானாப் போயிரும். வெளியூர்க்காரங்கன்னா எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டுப்போட்டு ஊத்துவோம். ஆராச்சும் கேட்டா சுத்தத்துக்குன்னு சொல்லிக்குவோம். எம்பொண்ணுக்கு அதையுஞ் சொல்லல. போயி ஊட்டு வேலையப் பாருன்னேன்.

அடுத்த வாரமே ஒரு பையனக் கூட்டியாந்து உக்கார வெச்சுது. இளவழகன்னு பேரு, கூடப் படிச்சவன், நம்மூரு காலனிக் கைலாசத்துப் பையன். நான் பேப்பர் கப்ப எடுத்தேன். எம்பொண்ணு கிளாஸ எடுத்துத் தானே ஊத்திக் குடுத்துச்சு. குடிச்சான். இவரத்தாம்ப்பா கட்டிக்கப்போறேன்னுச்சு. நாலு பேரு பாக்கறாங்க. அவன் குடிச்ச கிளாஸத் தூக்கி ரோட்டுல அடிச்சேனுங்க. சுக்குநூறு. எம்பொண்ணு குனிஞ்சு சில்லெல்லாம் பொறுக்கிக் குப்பைல போட்டுட்டு அவங்கூடப் போயிருச்சு.

இல்லீங்க, நல்லவனாயிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அந்தக் கப்பு வாங்கறத நிறுத்தி நாலு மாசந்தான் ஆவுது. சொந்தக்காரனெல்லாம் இப்ப எதுத்த கடைக்குப் போறான். போவட்டும். எனக்கு அந்தக் கப்பு இனி வேண்டாமுங்க.

ஏன்னு கேக்கறீங்களா? சேலத்துல ஃபேர்லேண்ட்ஸ்ல எம்பொண்ணும் அவனும் டீக்கடை போட்டிருக்காங்க, ஏசியெல்லாம் வெச்சு. கொழந்த பொறந்திருக்குதுன்னு காதுல வுழுந்துச்சு. மனசு கேக்கல, ஆடி மாசம் போனனுங்க. ஓரமா உக்காந்தேன். எல்லா மேசைலயும் பீங்கான் கப்பு. எம்பொண்ணே வந்துச்சு. அப்பான்னு கூப்புடல. எந்த ஊருங்க, எந்தத் தெருங்கன்னு கேட்டுச்சு. என்னத்தச் சொல்றது, ஊரையும் தெருவையும் சொன்னேன். தலைய ஆட்டிட்டு உள்ள போயி டீயக் கொண்டாந்து வெச்சுது. நல்ல டீதானுங்க, கொறை சொல்ல முடியாது.

எனக்கு மட்டும் பேப்பர் கப்புல.

குடிச்சுட்டீங்களா? கிளாஸக் குடுங்க, கழுவறேன்.