கேட்காமலே கொடுத்த தகவல்

பெயர் மாரிக்கண்ணன், வயது 43, தகப்பனார் பெயர் ஊர்க்காவலன், பள்ளிக்கூடத் தெரு, எம். புதுப்பட்டி. விசாரித்ததில் சொன்னதாவது:

நான் மேற்படி முகவரியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் லேபிள் வரைந்து கொடுப்பது என் தொழில். என் உடன்பிறந்த அக்கா சண்முகத்தாய் அடுத்த தெருவில் இருக்கிறார். அவர் வேலை பார்த்த கம்பெனி பூட்டிக் கிடப்பதால், லைசென்ஸ் இல்லாமல் வீட்டின் பின்பக்கம் பட்டாசு கட்டி வந்தார். அது குற்றம் என்பதும் ஆபத்து என்பதும் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பெட்டிகளுக்கு லேபிள் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில், புது எழுத்து வகை ஒன்று இலவசமாகக் கிடைக்குமா என்று தேடி ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தேன். திறந்ததும் திரை முழுக்க போலீஸ் முத்திரை வந்தது. ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள், கம்ப்யூட்டர் கேமரா பிடித்த, கழுத்தில் துண்டு போட்ட என் முகமே தெரிந்தது. எந்தப் பட்டனைத் தட்டியும் போகவில்லை. இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்ததில், இந்தக் கம்ப்யூட்டரில் சட்டவிரோத மெட்டீரியல் இருப்பதால் போலீஸ் பூட்டியிருக்கிறது, அபராதம் கட்டாவிட்டால் கைது என்று புரிந்தது. எங்கள் பக்கம் மெட்டீரியல் என்றால் பட்டாசு மருந்தும் திரியும்தான். லேபிளை வைத்து அக்காவையும் என்னையும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அப்போது நான் அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். எட்டிப் பார்த்தால் தெரிகிற வீடு. போகவில்லை. முந்திக்கொண்டு நாமே சொல்லிவிட்டால் நம்மை விட்டுவிடுவார்கள் என்றுதான் புத்தி போனது. அதன் பிறகு திரையைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்து, சண்முகத்தாய் வீட்டில் மெட்டீரியல் இருக்கிறது என்று ஏட்டையாவிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் விஷயம் அவர்களுக்கே தெரியும் என்று நினைத்ததால் அதைச் சொல்லவில்லை. லேபிள் விஷயத்தை வேண்டுமென்றே சொல்லவில்லை. நல்ல காரியம் செய்தீர்கள் என்று ஏட்டையா டீ வாங்கிக் கொடுத்தார். நான் அதைக் குடித்தேன்.

அதன் பிறகு போலீசார் போய், கட்டி முடித்ததும் முடிக்காததுமான பட்டாசுகளைக் கைப்பற்றி, அக்காவை ஜீப்பில் அழைத்து வந்தார்கள். என்னைப் பார்த்ததும், தான் பிடிபட்டதைக் கேள்விப்பட்டு நான் ஓடி வந்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டார். "நீ ஏம்லே இங்கன வந்த, வீட்டுக்குப் போ" என்று மெதுவாகச் சொன்னார். லேபிள் யார் அடித்தது என்று ஏட்டையா கேட்டதற்கு, "பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆளு குடுத்தாரு, பேரு தெரியாதுய்யா" என்று சொன்னார்.

அதன் பிறகு நான் ஏட்டையாவிடம், "மெட்டீரியல்தான் கெடைச்சிருச்சே, இனிமே என் கம்ப்யூட்டரத் தெறந்து விடச் சொல்லுங்கய்யா" என்று கேட்டேன். அவர், "எந்தக் கம்ப்யூட்டரு?" என்று கேட்டார். செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அங்கிருந்த பெண் காவலர் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். இது போலீஸ் அனுப்பியது இல்லை, பணம் பறிக்கிற திருட்டுக் கும்பல் எல்லா ஊருக்கும் அனுப்புவது, இதில் மெட்டீரியல் என்று சொல்லியிருப்பது அசிங்கமான படங்களை என்று விளக்கினார். அக்கா பெஞ்சில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து, "போலீஸு கேக்காமலேயே சொல்லிட்டியாலே?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதன் பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்குப் போய் என் மனைவியிடமும் இதைச் சொல்லவில்லை. இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன். லேபிள் அடித்ததற்கு என் மேல் வழக்குப் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. இந்த வழக்கில் பொய் சொன்னவர் என் அக்கா ஒருவர்தான். அதுவும் எனக்காகச் சொன்னது.

(ஒப்பம்)
ஊ. மாரிக்கண்ணன்